தீவிரவாதத் தாக்குதலை டிவி அளவுக்கு மீறிக் காட்டுகிறதா?

27 ஏப்ரல் 2025, காலை (வாசகர் ஒருவர் கேட்டது)

காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டு ஐந்து நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை. அதே புல்வெளி, அதே அழுகை, திரையில் ஏழு பெட்டிக்குள் ஏழு பேர் உட்கார்ந்து அதே கத்தல். கொன்றவன் ஆசைப்பட்டது இதற்குத்தானே? எந்தச் சேனலும் காட்டாது என்று தெரிந்தால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

27 ஏப்ரல், இரவு

பாதிக்கு நானும் உங்கள் கட்சி. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை, கிட்டத்தட்ட 60 மணி நேரம், மும்பைத் தாக்குதலை நேரலையில் பார்த்தவர்கள் நாம். தீவிரவாதிகள் பிடித்துவைத்திருந்த நரிமன் ஹவுஸ் மொட்டைமாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் கயிறு பிடித்து இறங்கியதை நாம் பார்த்தோம். பாகிஸ்தானில் உட்கார்ந்து தீவிரவாதிகளை ஏவிவிட்டவர்களும் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததைப் போனில் உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் நீதிமன்றம் வரை வந்தன. உயிரோடு பிடிபட்ட தீவிரவாதி கசாப் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சேனல்களையும் நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கியது. எல்லாம் முடிந்தபிறகு இதே காட்சிகளைக் காட்டியிருக்கலாம், ஆனால் அப்போது டிஆர்பி ஏறியிருக்காது என்ற பொருளில். நம் வீரர்கள் செத்ததற்கு இந்த நேரலை ஒரு காரணம்.

2015ல் கேபிள் டிவி விதிகளில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். தீவிரவாதிகளோடு படைகள் மோதிக்கொண்டிருக்கும்போது நேரலை கூடாது, அதற்கென்று நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதைப் போடலாம், அவ்வளவுதான். நேற்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விட்ட அறிவுரையும் இதைத்தான் நினைவூட்டுகிறது. கார்கில் போர், காந்தஹார் விமானக் கடத்தல், மும்பை என்று பழைய தழும்புகளையும் அதில் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.

மீதிப் பாதிக்கு நாளை வருகிறேன். தூக்கம் வருகிறது.

28 ஏப்ரல்

மீதிப் பாதி. யாருமே காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கோவை பீளமேட்டில் மாமா எஸ்டிடி பூத் (காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடை) வைத்திருந்தார். சனி, ஞாயிறு அதில் உட்காருவது என் வேலை. ஆர்.எஸ்.புரத்தில் அத்வானி பேசுவதாக இருந்த தேர்தல் கூட்டம். நாலு மணி வாக்கில் குண்டுகள் வெடிக்க ஆரம்பித்தன. அரை மணி நேரத்தில் பூத் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். கையில் செல்போன் கிடையாது. டிவியில் செய்தி என்றால் ராத்திரிதான்.

ரயில்வே ஸ்டேஷன் தரைமட்டம் என்றார் ஒருவர். அவரை யார் அனுப்பினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, நம்பினோம். அடுத்தவர் இன்னும் நாற்பது குண்டு பாக்கி இருக்கிறது என்றார், என்னவோ எண்ணி வைத்ததுபோல. ஒரு அம்மா கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங் தம்பி, என்ற பையன் உக்கடம் போனானுங், லைன் கெடைக்குமுங்களா” என்று கேட்டுக்கொண்டே நின்றார். உக்கடத்தில் யாருக்குப் போன் போடுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழரை மணிக்குள், பூத் கணக்குப்படி, 500 பேர் செத்துப்போயிருந்தார்கள். எந்தத் தெருவில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்று இரண்டு தரப்பிலும் கதை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன இளைஞர்கள் சிலர் கையில் கட்டையோடு திரும்பி வந்தார்கள்.

9.15க்கு யாரோ டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிபிசி தமிழோசை. கெட்ட சேதிதான், ஆனால் அதற்கு ஒரு அளவு இருந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மொத்தத்தில் இறந்தவர்கள் 58 பேர். 500 அல்ல.

அதனால் ‘காட்டவே வேண்டாம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. செய்தி நின்றால் பேச்சு நிற்காது. அதைக் கட்டையோடு வந்த இளைஞன் நடத்துவான்.

28 ஏப்ரல், இரவு

தீவிரவாதத்தைப் பற்றி எழுதினேன், நாலு பேர் எஸ்டிடி பூத் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், மஞ்சள் போர்டுதான். ஆமாம், டிர்ர் என்று பில் அடிக்கும். ராத்திரி கால் கட்டணத்துக்காகக் காத்திருந்து பேசும் ஆட்கள்கூட அன்று முழுக் கட்டணம் கொடுத்துப் பேசினார்கள். மாமா அன்றைய வசூலைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டார். எண்ணி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டார். சேனல்காரர்களை டிஆர்பி என்று திட்டும்போதெல்லாம் அந்த ரப்பர் பேண்ட் எனக்கு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

30 ஏப்ரல்

சாலை விபத்தில் இதைவிட அதிகம் பேர் சாகிறார்களே என்று கணக்குப் போட்ட நண்பருக்கு. எண் சரிதான்: 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நாளுக்கு 460க்கு மேல். பஹல்காமில் 26. இதே வகைக் கணக்கை அமெரிக்காவுக்கும் போட்டிருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ், கார்டியன் இரண்டிலும் 2016ல் சாவுக்கான காரணங்களைப் பற்றி வந்த செய்திகளில் மூன்றில் ஒரு பங்கு தீவிரவாதத்தைப் பற்றியது. அங்கே உண்மையில் அப்படிச் செத்தவர்கள் மொத்தச் சாவில் 0.01 சதவீதத்துக்கும் கீழே. நெஞ்சு வலிக்கு அந்தப் பத்திரிகைகளில் இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பீட்டை நானும் பல வருஷமாக டீக்கடையில் எடுத்து வீசியிருக்கிறேன். இங்கே எழுதும்போது கை தயங்குகிறது. லாரி டிரைவர் அடுத்த ஊரில் யார்மேல் மோதலாம் என்று திட்டம் போடுவதில்லை. என்ன மதம் என்று கேட்டுச் சுட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே சுடப்பட்டவர்கள் 26 பேர், குறிவைக்கப்பட்டவர்கள் அதைவிட மிக அதிகம். இது பெரிய செய்தி ஆகத்தான் செய்யும், ஆகவும் வேண்டும். அப்படியானால் எனக்கு எரிச்சல் எதில்? யோசிக்கிறேன்.

30 ஏப்ரல், சற்றுப் பிறகு

ஒன்று சொல்லலாம். ஒரு ஜோடி காஷ்மீரில் ஆடும் வீடியோ வந்ததே, இறந்துபோன கடற்படை அதிகாரியும் மனைவியும் கடைசியாக எடுத்தது என்று? அது அவர்கள் இல்லை. வீடியோவில் இருந்த நிஜ ஜோடி வெளியே வந்து, நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நானும் பகிர்ந்திருந்தேன். அழித்துவிட்டேன். எங்கள் குடும்பக் குழுவில் 41 பேர். அழித்ததை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

2 மே

எரிச்சல் எதில் என்று கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். நீளமாக வரும், பொறுங்கள்.

என் அத்தை மகன் 2004 முதல் மும்பையில். வீடு செம்பூர், வேலை கோட்டைப் பகுதியில். தினமும் சத்ரபதி சிவாஜி டெர்மினஸில்தான் ரயில் ஏறுவான். நவம்பர் 26 இரவு ஒன்பதரை மணிக்கு மேல் அந்த ஸ்டேஷனில் இரண்டு பேர் ஏகே 47 வைத்து, மூட்டை முடிச்சோடு வெளியூர் ரயிலுக்குக் காத்திருந்தவர்களைச் சுட்டார்கள். 50 பேருக்கு மேல் செத்தது அங்கேதான். தாஜ், டிரைடென்ட், நரிமன் ஹவுஸ், எந்த இடத்திலும் இத்தனை பேர் சாகவில்லை.

அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவன் போன் போகவில்லை. பத்து மணி முதல் விடியும் வரை சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஸ்டேஷனைக் கொஞ்சம் காட்டினார்கள், ரத்தம், சிதறிய செருப்பு, பெட்டிகள். அப்புறம் கேமராக்கள் தாஜ் வாசலுக்குப் போயின. போனவை திரும்பவே இல்லை. தாஜின் குவிமாடத்தில் தீ, புகை, மறுபடி தீ. அந்த ஹோட்டலின் வரலாற்றை, அதன் படிக்கட்டின் அழகை, அங்கே டீ குடித்த நினைவுகளை ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அத்தை இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை கேட்டார்: “அந்த ஓட்டலையே எத்தன நேரம் காட்டுவாங்க? டேசன்ல இருந்தவங்க பேரெல்லாம் போட மாட்டாங்களா?”

போடவில்லை. 60 மணி நேர ஒளிபரப்பில் எங்களுக்கு வேண்டிய அரை நிமிஷம் இல்லை. காலை ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான். கலவரம் கேட்டு அலுவலக ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே படுத்திருக்கிறான். அன்று எட்டேகால் வண்டியைப் பிடித்திருந்தால் ஒன்றுமே தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பான், ஒன்பதே முக்கால் வண்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை அத்தை கணக்குப் போடுவார்.

அன்று நூற்றுக்கணக்கானவர்களை ஸ்டேஷனிலிருந்து வெளியேற்றியது ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்த ரயில்வே ஊழியர் விஷ்ணு ஜெண்டே. எந்தப் பக்கம் போகாதீர்கள், எந்த வழியாக வெளியே போங்கள் என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரிந்தது பல மாதம் கழித்து. யோசித்தால் அன்று மும்பையில் நடந்த உருப்படியான ஒலிபரப்பு அது ஒன்றுதான்.

3 மே

இரண்டு திருத்தம்.

ஒன்று. நேரலையால் வீரர்கள் செத்தார்கள் என்று 27ஆம் தேதி அடித்து விட்டேன். சட்டம் படித்த ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். தீர்ப்பில் அப்படி இல்லை. நேரலையால் படையினருக்குச் சாவோ காயமோ நேர்ந்ததா என்று கண்டறிய வழியில்லை, ஆனால் அவர்கள் வேலையை ஆபத்தாக்கியது என்பதில் சந்தேகமில்லை என்றுதான் நீதிபதிகள் எழுதினார்கள். சேனலைத் திட்டும் வேகத்தில் நானும் சேனல் ஆகிவிட்டேன்.

இரண்டு. மும்பை கண்ட மோசமான தாக்குதல் 26/11 என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். 166 பேர். ஆனால் 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில் பாதையில் 11 நிமிஷத்துக்குள் ஏழு குண்டுகள், முதல் வகுப்புப் பெட்டிகளில். இறந்தவர்கள் 189 என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது எப்படி என் நினைவிலிருந்து நழுவியது? 11 நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அதனால்தான். கேமரா வந்து சேர்ந்தபோது காட்ட உடைந்த பெட்டி மட்டும் மிச்சம். எரிந்துகொண்டே இருக்க ஒரு குவிமாடம் இல்லை.

4 மே

“அப்படியானால் அரசாங்கம்தான் கடிவாளம் போட வேண்டும் என்கிறீர்களா?” ஐயோ, இல்லை. அந்த 2015 விதியை வைத்தே, பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலைக் காட்டியதற்காக 2016 நவம்பரில் ஒரு இந்தி சேனலை ஒரு நாள் மூடச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். எல்லாச் சேனலும் காட்டியதைத்தான் நாங்களும் காட்டினோம் என்பது அவர்கள் வாதம். விதி நல்லதாக இருக்கலாம், பிடித்திருக்கும் கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் இன்னும் வேடிக்கை. தீவிரவாதிகளுக்கு விளம்பரம்தான் பிராணவாயு, அதைக் கொடுக்காதே என்று 1985ல் பேசினார் பிரதமர் தாட்சர். 1988ல் அவர் அரசு, வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்து பிரிக்கப் போராடிய ஐரிஷ் குடியரசு இயக்கத்தவர் குரலை ஒலிபரப்பத் தடை போட்டது. முகத்தைக் காட்டலாம், குரல் கூடாது. டிவிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த இயக்கத்தின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் வாயசைக்க, நடிகரை வைத்து டப்பிங் பேசவிட்டார்கள். 1994 வரை இந்தக் கூத்து நடந்தது. மொழிமாற்றுப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

11 மே

ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், இந்தியா-பாகிஸ்தான் மோதல். 8ஆம் தேதி இரவு டிவியில் கராச்சித் துறைமுகம் அழிந்தது. அடுத்த சேனலில் இஸ்லாமாபாத்தே நம் கையில். இரண்டும் பொய். என் பூத் வரிசையில் நின்றவர் ரயில்வே ஸ்டேஷனைத்தான் தரைமட்டமாக்கினார், அதுவும் இலவசமாக.

28ஆம் தேதி ‘செய்தி நின்றால் வதந்தி’ என்று பெரிய மனுஷனாட்டம் எழுதினேன். செய்தி நிற்காமலும் வதந்தி வரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று குடிமைப் பாதுகாப்புத் துறை, நிகழ்ச்சிகளில் விமானத் தாக்குதல் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று சேனல்களைக் கேட்டுக்கொண்டது. எதற்கென்றால், கேட்டுக் கேட்டுப் பழகி, நிஜ சைரனுக்கு மக்கள் எழுந்து ஓடமாட்டார்கள். எங்கள் மாடி வீட்டுப் பாட்டி இப்போதே அதைக் குக்கர் விசில் கணக்கில் சேர்த்துவிட்டார்.

15 மே

கொன்றவன் பெயரையும் படத்தையும் போடக்கூடாது என்ற யோசனை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன். அவன் அதைப் பேஸ்புக்கில் நேரலையாகவே ஓடவிட்டான். நேரலையில் பார்த்தவர்கள் 200க்கும் குறைவு. முதல் 24 மணி நேரத்தில் பேஸ்புக் நீக்கிய பிரதிகள் 15 லட்சம். சேனலே தேவைப்படவில்லை, நம்மைப் போன்றவர்களே பார்த்துக்கொண்டோம். ‘டிவி காட்டாவிட்டால்’ என்ற முதல் கேள்வியே கொஞ்சம் பழசாகிவிட்டதோ?

பிரான்சில் லெ மோந்த் பத்திரிகை 2016லேயே தாக்குதல் நடத்தியவர்கள் படத்தைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. எனக்கு இது பிடிக்கும். ஆனால் கசாப் ஸ்டேஷனில் துப்பாக்கியோடு நடக்கும் படத்தை என்ன செய்வது? உயிரைப் பணயம் வைத்து அதை எடுத்த செபாஸ்டியன் டிசோசா பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னார். அது வெறும் விளம்பரம் இல்லை, ஆதாரம். படத்தை எடுக்க வேண்டும், ஒரு தடவை போட வேண்டும். இருநூறாவது தடவை போடும்போதுதான் அது போஸ்டர் ஆகிறது. எந்தத் தடவையில் என்று கேட்காதீர்கள், தெரியாது.

17 மே

எது ‘தீவிரவாதத் தாக்குதல்’ என்று பெயர் வாங்குகிறது என்பதும் இருக்கிறது. அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த 136 தாக்குதல்களை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று: செய்தவர் முஸ்லிம் என்றால் செய்தி சராசரியாக 357 சதவீதம் அதிகம். எங்கள் ஊருக்கே வருகிறேன். 1998 பிப்ரவரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்பு, 1997 நவம்பர் கடைசியில், ஒரு போக்குவரத்துக் காவலரைக் குத்திக் கொன்றார்கள். அதன்பின் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். வெளியூர் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நவம்பர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று. ஒன்று இன்னொன்றை நியாயப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுத உட்காருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போங்கள்.

22 ஜூலை

இரண்டு மாதமாகத் தூங்கிய இதை எழுப்புகிறேன். நேற்று காலை பம்பாய் உயர் நீதிமன்றம் 2006 ரயில் குண்டு வழக்கில் 12 பேரையும் விடுவித்துவிட்டது. 2015ல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் கொடுத்த வழக்கு. ஒருவர் தீர்ப்பைக் கேட்காமலே சிறையில் செத்துப்போனார். 19 வருஷம். 189 பேரைக் கொன்றது யார் என்ற கேள்வி மறுபடி தொடங்கின இடத்தில் நிற்கிறது.

மத்தியானம் வரை ஓடியது. சாயங்காலம் விவாதத்துக்கு ஆள் பிடித்திருப்பார்கள். ராத்திரி துணைக் குடியரசுத் தலைவர் ஜக்தீப் தன்கர் ராஜினாமா. அத்தோடு சரி.

பஹல்காமுக்கு ஐந்து நாள் அணைக்காமல் ஓடிய டிவியைப் பற்றிக் கேட்டாரே முதல் நண்பர், அவருக்கு இதுதான் என் பதில். குண்டு வெடித்த மறுநாள் காட்டுவது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. வெடித்த 19ஆம் வருஷம் அரை நாள்கூடத் தாங்காததுதான் குறை.

25 ஜூலை

அவசரப்பட்டுவிட்டேனோ? உச்ச நீதிமன்றம் நேற்று அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளுக்கு முன்னுதாரணமாக எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது, வெளியே வந்தவர்கள் திரும்பச் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்றும். அதனால் வழக்கு முடியவில்லை. இதைத் தேடிப் பிடித்துத்தான் படித்தேன், தானாக வந்து கண்ணில் படவில்லை.

1 ஆகஸ்ட்

நேற்று மகாராஷ்டிரத்தின் மாலேகாவ் 2008 குண்டு வழக்கிலும் ஏழு பேருக்கும் விடுதலை. அங்கே செத்தவர்கள் ஆறு பேர். இதற்கு விவாதம் கொஞ்சம் நீளமாகவே ஓடியது, குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் முன்னாள் எம்பி என்பதால். அந்த ஆறு பேர் யார் என்று நான் பார்த்த வரை எந்தப் பெட்டியிலும் ஒருவரும் கேட்கவில்லை. அத்தை பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

3 ஆகஸ்ட்

என் மகள் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “சரிப்பா, நம்ம ஊர் கேஸ் என்ன ஆச்சு?”

முழித்தேன். இத்தனை எழுதியவன், அதே ஊரில் 27 வருஷமாக இருப்பவன். தேடி எடுத்துச் சொன்னேன். 2007ல் தனி நீதிமன்றத் தீர்ப்பு. 150க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்றது. கேரள அரசியல் தலைவர் மதானி ஒன்பது வருஷம் உள்ளே இருந்துவிட்டுக் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். ஆயுள் தண்டனை பெற்ற அல் உம்மா அமைப்பின் பாஷா போன டிசம்பரில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலச் செய்தியைப் பார்த்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று டிவியில் போட்டார்கள்.

சந்தேகத்துக்கு மாமாவைக் கூப்பிட்டேன். எழுபத்தெட்டு வயது, ஞாபகசக்தியில் புலி.

“தீர்ப்பா? அது எப்ப கண்ணு வந்துச்சு?” என்றார். அன்றைய வசூலைக் கேட்டேன். ரூபாய், பைசாவோடு சொன்னார்.